பெங்களூரில் நாங்கள் வெளிநாட்டுக்காரர்களான கதை

மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காக யாராவது கடல் தாண்டிப் போவார்களா என்று என் மனைவி கேட்டாள். ஏன், போகக் கூடாதா என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். திரும்பி வந்த அன்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவேயில்லை.

இது தொண்ணூற்று மூன்றில் நடந்தது. மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு பஸ் கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் ஒன்றாக ஸ்பேனர் பிடித்தவர்கள் நானும் ஆ செங்கும். ஆ செங் சீனன். ஆனால் ரப்பர் தோட்டத்தில் தமிழர் லயத்து வீடுகளை ஒட்டி வளர்ந்தவன். சீனத்தில் பேசுவான், மலாயில் விலை பேசுவான், கோபம் வந்தால் தமிழுக்கு வந்துவிடுவான். எதில் பேசினாலும் எங்கள் ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு ‘லா’ போடுவான். ஒர்க்ஷாப்பை மூடி எங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பெர்த்தில் இருக்கும் அவன் மகள் அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்வதாக முடிவு செய்தாள். வீட்டை விற்றாகிவிட்டது. அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவுக்குப் போனால் அவன் திரும்பி வரப்போவதில்லை.

எங்கள் ஒர்க்ஷாப் சுவரில் ஒரு மளிகைக் கடைக் காலண்டர் இருந்தது. கன்னியாகுமரி படம். வருடம் முடிந்த பிறகும் தேதிகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படத்தை மட்டும் வைத்திருந்தோம். வண்டியில் அங்கே போக வேண்டும் என்று ஆ செங் வருடத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வான். வண்டி என்றால் நாங்கள் பழுது பார்த்துப் பழகிய அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டி, தட்தட்டென்று அடிக்கிற கனத்த வண்டி. அதை இந்தியாவில் இன்னும் புத்தம்புதிதாகச் செய்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

பெங்களூரில் உள்ள ஒரு ஷோரூமுக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது. உள்ளூர்க்காரர்கள் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கோ தனிக் கவுண்டர், தனிக் கவனிப்பு, இரண்டே நாளில் வண்டி. ஊர் சுற்றி முடித்ததும் அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். எங்களிடம் இருந்தது பன்னிரண்டு நாள். வாங்க இரண்டு நாள், போக ஐந்து நாள், வர நான்கு நாள், கைவசம் ஒரு நாள். ஆ செங் இதை ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை ரயிலடியிலிருந்து நடந்தே ஒக்கலிபுரத்தில் ஒரு லாட்ஜைப் பிடித்தோம். மேனேஜர் வெங்கடேசன் வாணியம்பாடிக்காரர். நெற்றியில் சந்தனம், காதில் பேனா. நான் தமிழில் பேசியதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஆ செங்கும் தமிழில் ரூமில் கொசு உண்டா என்று கேட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவேயில்லை.

“இதெல்லாம் உள்ள வைங்க சார். ஃபாரின்னு போட்டா ரேட்டு ரெண்டு மடங்கு. போலீசுக்கு வேற ஃபாரம் அனுப்பணும். நம்ம ஆளுங்களுக்கு எதுக்கு சார் அந்த ரோதனை?” என்றார் வெங்கடேசன்.

ரெஜிஸ்டரில் என் பெயருக்கு எதிரே வாணியம்பாடி என்று தன் ஊரையே எழுதினார். ஆ செங்கின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு நேபாளம் என்று போட்டார். நேபாளிகளுக்கு ஃபாரம் வேண்டாமாம். என் அப்பா கப்பல் ஏறிப் போன பிறகு எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும் நம்ம ஆள் என்று சொல்லி அறை கொடுத்ததில்லை. நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று பகல் முழுவதும் சாப்பிட்டோம். இந்த ஊரில் நின்றுகொண்டே சாப்பிடும் சிறு ஹோட்டல்கள் தெருவுக்கு நாலு இருக்கின்றன. காராபாத் என்று ஒரு உப்புமா, பக்கத்திலேயே கேசரி. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். சாம்பாரில் எதற்கு வெல்லம் என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது, ஆனால் அன்றைக்கு எனக்கு எல்லார்மேலும் பிரியமாக இருந்ததால் கேட்கவில்லை. காபியை ‘பை டூ’ என்று சொல்லி வாங்குகிறார்கள். ஒரு காபியை இரண்டு சின்னத் தம்ளரில் பாதி பாதியாக ஊற்றித் தருகிறார்கள். ஈப்போவில் இப்படிக் கேட்டால் கடைக்காரன் என்ன நினைப்பானோ. இங்கே கோட்டுப் போட்டவர்களே கேட்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை ஷோரூம் திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். கடிதத்தில் எழுதியிருந்தது பொய்யில்லை. வெளிநாட்டவருக்கென்று தனிக் கவுண்டர் இருந்தது. பிரம்பு நாற்காலிகள், மேலே ஃபேன், ஐஸ் பெட்டியில் கலர் சோடா பாட்டில்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் கமலா என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. நாங்கள் நாற்காலியில் உட்காரப் போனோம். இது வெளிநாட்டவர்களுக்கு மட்டும், தயவுசெய்து அந்தப் பக்கம் டோக்கன் வாங்குங்கள் என்று அவள் நல்ல ஆங்கிலத்தில் சொன்னாள்.

வெளிநாட்டவர்தான் என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. தினம் பத்துப் பேராவது சீக்கிரம் வண்டி கிடைப்பதற்காக இப்படிச் சொல்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. உள்ளூர்க் கவுண்டரில் ஒரு மணி நேரம் நின்றோம். அங்கே ரேஷன் கார்டு கேட்டார்கள். இல்லை என்றேன். வாக்காளர் பட்டியலில் பெயர் எந்தத் தொகுதியில் என்றார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அந்தக் குமாஸ்தா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை திருப்பிவிட்டு, அப்படியானால் நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியர், மாடிக்குப் போங்கள் என்றார்.

மாடியில் இருந்தவர் இந்தியப் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார். நான் இந்தியன் இல்லை என்றேன். அவருக்கு வருத்தமாகப் போய்விட்டது. தாய்நாட்டை அப்படிச் சொல்லக் கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தவன் நான். என் தாய்நாட்டில் இந்நேரம் மழை பெய்துகொண்டிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆ செங் என் கையைப் பிடித்து அழுத்தினான். அவனிடம் அந்த மனிதர் எதுவும் கேட்கவில்லை. நேபாளிகளுக்குக் கீழேதான் என்று கை காட்டினார்.

“நேபாளம் இல்லீங்க, மலேசியா. நான் சீனன்” என்றான் ஆ செங்.

தமிழில் சொன்னான். அதுதான் வினை. அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனையே பார்த்தார். அதன் பிறகு எங்களை ஏதோ மோசடிப் பேர்வழிகள் என்றே முடிவு கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

கீழே வந்தோம். சாப்பாட்டு நேரம் என்று கவுண்டரை மூடியிருந்தார்கள். திறந்ததும் கமலாவிடம் அவர்கள் ஷோரூம் எனக்கு எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். அவளே டைப் அடித்த கடிதம். படித்துப் பார்த்து, பாஸ்போர்ட்டுகளை உள்ளே எடுத்துப் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்து, நகல் எடுத்துக்கொண்டு நாளை வாருங்கள் என்றாள். உட்காரச் சொல்லவில்லை. ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பவும் இல்லை.

புதன்கிழமை வங்கிக்குப் போனோம். டாலரை மாற்றியதற்கு ஒரு சான்றிதழ் வேண்டுமாம். வெளிநாட்டுக்காரர்தான் பணம் கொடுக்கிறார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தொம்மலூர் பக்கம் ஒரு கிளையில் சீக்கிரம் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, ஆட்டோ பிடித்தோம். பாதி வழியில் ஆட்டோ இருமி நின்றது. டிரைவர் இறங்கி அதை உதைத்தார். பிறகு கன்னடத்தில் அதோடு பேசினார். பாவமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு பிளக்கைக் கழற்றித் துடைத்து, கார்புரேட்டரில் இருந்த மண்ணை ஊதி, அரை மணி நேரத்தில் ஓட வைத்தோம். வங்கி வாசலில் இறங்கியதும் டிரைவர் மீட்டரைக் காட்டி, அதற்கு மேலும் கேட்டார். எதற்கு என்றேன். வழியில் அரை மணி நேரம் வண்டி நின்றதே, வெயிட்டிங் சார்ஜ் என்றார்.

என் வாழ்க்கையில் பல பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பையிலிருந்து பணத்தை எடுத்தேன். கொடுத்துவிட்டு உள்ளே போனேன். சான்றிதழ் கொடுக்கும் அதிகாரி விடுப்பில் இருந்தார். மறுநாள் காலையில் வாங்கினோம்.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, நாலாவது நாள், நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள் ஆனோம். கமலா சான்றிதழைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், முத்திரை குத்தினாள். பிரம்பு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். கலர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். கறுப்பு வண்டி ஒன்றை ஆ செங் தேர்ந்தெடுத்தான். இன்ஜின்மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். சிகரெட் அட்டையை எடுத்துப் பார்த்து, போக நாலு நாள் வர மூன்று நாள் என்று பேனாவால் திருத்தினான். போய்விடலாம் லா என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்போதுதான் கமலா இன்னொரு தாளை நீட்டினாள். வண்டியைப் பதிவு செய்ய இந்த ஊரில் ஒரு முகவரி வேண்டும். வெளிநாட்டவருக்கு லாட்ஜ் முகவரியே போதும், ஆனால் அங்கேதான் தங்கியிருக்கிறார் என்று போலீஸ் எழுதித் தர வேண்டும். சும்மா ஒரு மணி நேர வேலை என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை போலீஸ் அலுவலகத்தில் வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. அதிகாரி மரியாதையானவர். எங்கள் லாட்ஜின் பெயரைக் கேட்டு ஒரு கட்டுக் காகிதத்தைப் புரட்டினார். வெளிநாட்டுக்காரர் தங்கினால் ஒரு நாளுக்குள் லாட்ஜிலிருந்து இங்கே ஃபாரம் வந்திருக்க வேண்டும், வரவில்லையே என்றார். திங்கட்கிழமை பெங்களூருக்கு வந்தவர்கள் இன்றுவரை எங்கே தங்கியிருந்தீர்கள் என்று கேட்டார். லாட்ஜில்தான் என்றோம். லாட்ஜுக்குப் போன் போட்டார். எங்களைப் பற்றி அல்ல, அந்த வாரம் வெளிநாட்டுக்காரர் யாராவது தங்கினார்களா என்று பொதுவாகக் கேட்டார். யாரும் இல்லை, ஒரு வாணியம்பாடிக்காரரும் ஒரு நேபாளியும்தான் என்று பதில் வந்தது. அவர் ரிசீவரை வைத்துவிட்டு எங்கள் பாஸ்போர்ட்டுகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை வாருங்கள், லாட்ஜ்காரர் விளக்கம் எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றார்.

அன்று நான் வெங்கடேசனிடம் பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது. லாட்ஜின் வாசலில், மற்ற அறைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, உன்னை யார் எங்கள்மேல் பாசம் வைக்கச் சொன்னது என்று கத்தினேன். சட்டப்படி எழுதியிருந்தால் இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு இந்நேரம் மதுரையில் இருந்திருப்போம் என்றேன். அவர் காதில் இருந்த பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பொய்யாக எழுதினேன் என்று போலீசில் அவரே ஒப்புக்கொண்டால் முதலாளி அன்றைக்கே வெளியே தள்ளிவிடுவார் என்றார். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றார். எனக்கு அதெல்லாம் தெரியாது, திங்கட்கிழமை நீ வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

சனிக்கிழமை அலுவலகங்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எதுவுமே இல்லை. இரண்டு நாளும் ஊரைச் சுற்றினோம். அழகான ஊர்தான். சாலை ஓரமெல்லாம் பெரிய பெரிய மரம், ஆளை உறுத்தாத வெயில், பூங்காவில் பெஞ்சுக்குப் பெஞ்சு தினசரியை விரித்துப் படிக்கும் கிழவர்கள். வேறு சமயமாக இருந்தால் ரசித்திருப்பேன். பார்த்த ஒவ்வொரு மரத்தின் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பை டூ காபியோடு நின்றிருந்தபோது ஆ செங் தன் தம்ளரைக் கீழே வைத்தான்.

“அந்த மேனேஜர விட்டுரு ராஜு. நம்மனால அவன் வேல போவக் கூடாது. கன்னியாகுமரி எங்கயும் ஓடிப் போயிராது லா” என்றான்.

“கன்னியாகுமரி ஓடாது. நீதானே போறே” என்றேன்.

அவன் தம்ளரை மறுபடி எடுத்தான். காபி ஆறுது என்றான். நானும் குடித்தேன். திங்கட்கிழமை வெங்கடேசனைக் கூப்பிடுவதில்லை, நாங்களே போய்ப் பாஸ்போர்ட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வது, வண்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அன்று மாலைக்குள் நான் இறங்கி வந்துவிட்டேன். சமாதானமாக இறங்கி வரவில்லை. கன்னியாகுமரிக்கு ரயிலில் போகலாமா என்று கேட்டேன். ரயிலில் போவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஆ செங் சொன்னான். அவன் சொன்னது சரி.

திங்கட்கிழமை நாங்கள் போலீஸ் அலுவலகத்துக்குப் போனபோது வாசல் பெஞ்சில் வெங்கடேசன் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மடியில் ரெஜிஸ்டர், தினசரித் தாளில் சுற்றியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“நானே சொல்லிட்டேன் சார். உள்ள எழுதிக் குட்த்துட்டேன். மொதலாளிகிட்டயும் காலையிலயே சொல்லிட்டேன்” என்றார்.

முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒரு மாதம் பார்ப்பாராம், என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வாயில் வந்தது, சாப்பிட்டீர்களா என்பதுதான். இல்லை என்றார். எங்களோடு வந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். அன்று பிற்பகல் அந்த அதிகாரி வெங்கடேசனை நிற்க வைத்து அரை மணி நேரம் கன்னடத்தில் திட்டினார். இவர் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் ‘ஹௌது சார்’, ஆமாம் சார் என்றார். பிறகு எங்களுக்குக் கடிதம் கிடைத்தது. ஆ செங் வெளியே வந்து சிகரெட் அட்டையை எடுத்துப் பார்த்தான். எழுத இடம் இல்லை. அதைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

செவ்வாய்க்கிழமை வண்டிகளைப் பதிவு செய்யும் அலுவலகம். எல்லாத் தாளும் சரியாக இருந்தது. வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய இன்ஸ்பெக்டர் மட்டும் மச்சினன் கல்யாணத்துக்குத் தும்கூர் போயிருந்தார். இதைச் சொன்ன குமாஸ்தாவுக்குக் கொஞ்சமும் சங்கடம் இல்லை. நாங்களும் கல்யாணத்துக்குப் போயிருக்கலாமே என்பதுபோலச் சொன்னார். எங்கள் ஊர் அலுவலகங்களிலும் காக்க வைப்பார்கள். ஆனால் அங்கே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு காக்க வைப்பார்கள், நாமும் திட்டிக்கொண்டே காத்திருக்கலாம். இங்கே இவ்வளவு அன்பாகப் பேசினால் எப்படித் திட்டுவது?

புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்கு நம்பர் எழுதிய வண்டியைத் துடைத்து ஷோரூம் வாசலில் நிறுத்தினார்கள். சாவி கமலாவின் கையில் இருந்தது. ஆ செங் கையை நீட்டினான். அவள் சாவியைக் கொடுக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாளில் முதல் தடவையாக எங்களோடு தமிழில் பேசினாள். தமிழர்கள் நிறைந்த ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த பெண் அவள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“இன்னும் கால் மணி நேரத்துல ராகு காலம் வந்துரும்ண்ணா. பூஜை முடியாது. ஒன்றரைக்கு மேல எடுத்துக்கலாம்” என்றாள்.

வெள்ளைக்காரர்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். என் குரலே எனக்கு நன்றாக இல்லை.

“அவங்களுக்கு எப்ப வேணா குடுத்துருவோம். அவங்க இதெல்லாம் பாக்க மாட்டாங்க. நீங்க நம்மவங்களாச்சே, எனக்கு மனசு கேக்கல” என்றாள்.

பத்து நாள் அலைந்து, போலீசில் எழுதி வாங்கி, ஒருவர் வேலையைப் பணயம் வைத்து, நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்று நிரூபித்திருந்தோம். அதைக் கடைசி நிமிடத்தில் இந்தப் பெண் ஒரே வார்த்தையில் ரத்து செய்துவிட்டாள். சாவியைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். அவள் கண்ணில் அவ்வளவு அக்கறை இருந்தது. நான் போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்றரைக்கு அவர்கள் சாப்பிடப் போனார்கள். மூன்று மணிக்கு ஐயர் வந்தார். ஹேண்டிலில் மாலை, முன்னால் கற்பூரம், இரண்டு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். ஆ செங் தேங்காயை உடைத்தான். அது சரிபாதியாக உடைந்ததும் ஷோரூமே கை தட்டியது. அதற்குப் பிறகு பார்த்தால் செயின் தொளதொள என்றிருந்தது, பிரேக் பிடிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நடைபாதையிலேயே உட்கார்ந்து சரி செய்தோம். வெளிச்சம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வண்டியைத் திரும்ப ஒப்படைத்துவிட்டு ரயில் ஏற வேண்டும். மிச்சம் இருந்தது ஒன்றரை நாள். கன்னியாகுமரிக்குப் போய்வர அது போதாது. போகிற வரைக்கும் போவோம் என்றான் ஆ செங்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அவன்தான் ஓட்டினான். ஓசூர் தாண்டியதும் சாலை இறங்க ஆரம்பித்தது, காற்று சூடானது. கிருஷ்ணகிரியில் சாம்பாரில் வெல்லம் இல்லை. இரண்டு வாளி வாங்கிக் குடிக்கலாம் போலிருந்தது. தருமபுரிக்கு அப்பால் கிளச் கேபிள் அறுந்தது. ஒரு புளியமரத்தடியில் அவன் பிடித்துக்கொள்ள நான் கோத்தேன், இருபது நிமிட வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்த வேலை என்பதால் யார் எதைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. சேலத்தில் தங்கினோம். அங்கே நான் எதுவும் சொல்வதற்கு முன்பே பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று தெற்கே போய்க்கொண்டே இருந்தோம். நாமக்கல் நெருங்கும்போது நான் அவன் தோளைத் தட்டினேன். ஒன்பது மணி. இதற்கு மேல் போனால் ஆறு மணிக்குள் திரும்ப முடியாது. அவன் வண்டியை ஓரம் கட்டினான். அங்கே இருந்த மைல்கல்லில் கன்னியாகுமரி என்று எழுதி, கீழே நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போட்டிருந்தது. இரண்டு பேரும் இறங்கி அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்து வயலில் ஒரு பெண் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

“இவ்ளோ தூரம் வந்தோம் இல்ல” என்றான் ஆ செங்.

இப்படிச் சொன்னால் ஆறுதல் ஆகும் என்று நினைத்திருப்பான். எனக்கு ஆறுதலாக இல்லை. எனக்குக் கன்னியாகுமரிதான் வேண்டியிருந்தது. அங்கே கடற்கரையில் இந்த வண்டியை நிறுத்திவிட்டு அவன் சிகரெட் பிடிப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. அதைப் பெங்களூர் முத்திரை முத்திரையாகக் குத்தி எடுத்துக்கொண்டுவிட்டது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. வழியில் சந்தித்த அத்தனை பேரும் நல்லவர்களாக இருந்து தொலைத்தார்கள். ஒரே ஒரு அயோக்கியன் அகப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். மணியைப் பார்த்துக்கொண்டே முறுக்கினேன். லாரிகளை முந்தினேன், பஸ்களை முந்தினேன். பின்னாலிருந்து அவன் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. என்ன, என்ன என்று இரண்டு தடவை கத்தினேன். அவன் மறுபடி சொன்னான், அதுவும் கேட்கவில்லை. சேலத்துக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி, என்னடா சொல்லிக்கொண்டே வருகிறாய் என்று கேட்டேன்.

“மெதுவா போ லா” என்றான்.

ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டுமே என்றேன். தெரியும் என்றான். கூட்ஸ் வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் என் முதுகுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கேட் திறந்தது. பின்னால் இருந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. எல்லாவற்றையும் போகவிட்டு, நான் மெதுவாக ஓட்டினேன்.